கைப்பிடியை விட்ட பின்

பாலே நாட்டியம் பயிலும் சிறுமியர் வகுப்புக்குள் நுழைந்ததும் முதற்காரியமாகச் செய்வது, சுவரோரமாக இடுப்பளவு உயரத்தில் ஓடும் மரக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, குதிகால்கள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, பாதங்களை வலமும் இடமுமாக விரித்து நிற்பதேயாகும். விரிந்த பாதங்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமைந்து 180 பாகை என்னும் பூரணக் கோணத்தைக் காட்டிவிட்டால், ஆசிரியை மகிழ்கிறார்; பார்த்திருக்கும் தாயார் பூரிக்கிறார்; தான் நாட்டியத்துக்கென்றே பிறந்தவள் என்று அந்தச் சிறுமியும் நம்பத் தலைப்படுகிறாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கைப்பிடியை விட்டு எல்லோரும் கூடத்தின் நடுவே வந்து நின்று, சற்றுமுன் செய்த அதே அப்பியாசங்களைத் துணையின்றிச் செய்யத் தொடங்கும்போதோ, அந்தப் பூரணக் கோணம் போன இடம் தெரிவதில்லை. பாதங்கள் உட்பக்கமாகத் திரும்பிவிடுகின்றன. ஒற்றைக் காலில் நின்றவள் தள்ளாடுகிறாள். பக்கவாட்டில் உயர்ந்து நின்ற கால் முன்னோக்கி நழுவித் தாழ்கிறது. இதைக் காணும் ஆசிரியர்கள் பெரும்பாலும், கைப்பிடியருகே கண்ட திறமையே மெய்யென்றும், நடுத்தளத்தில் நேர்ந்த தடுமாற்றம் கவனக் குறைவாலோ தைரியக் குறைவாலோ விளைந்ததென்றும் தீர்மானித்து, மறுநாளும் கைப்பிடியருகேயே அதிக நேரத்தைச் செலவிடுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது என்பதும், கைப்பிடியை விட்ட பின் எஞ்சி நிற்கும் திருப்பம் எவ்வளவோ அவ்வளவே அந்த மாணவிக்குச் சொந்தமானது என்பதும், அதை அஸ்திவாரமாகக் கொண்டே அவளுடைய பயிற்சி முழுவதையும் அமைக்கவேண்டும் என்பதும் என் துணிபு.

கால்களை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறமாகத் திருப்பி ஆடும் இந்த முறையைப் பாலேக்காரர்கள் ‘டர்ன்அவுட்’ என்பார்கள். புறத்திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயி மன்னர் 1661-இல் பாரிஸ் நகரில் நாட்டியத்துக்கென்று ஓர் அரச கழகத்தை ஸ்தாபித்த காலத்தில், அவருடைய நாட்டிய ஆசானாகிய பியர் பொஷாம் என்பவரே பாதங்களின் ஐந்து நிலைகளை வரையறுத்தார் என்பது சம்பிரதாயம். 1725-இல் பியர் ராமோ வெளியிட்ட நூலில் அந்நிலைகளை விளக்கும் சித்திரங்களைப் பார்த்தால், இரு பாதங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு செங்கோணமே காணப்படுகிறது. ராஜசபையில் ஒரு கனவான் கம்பீரமாகக் கால் வைத்து நிற்கும் தோரணைக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. பின்னர் நாட்டியம் அரண்மனைக் கூடத்தை விட்டு அரங்க மேடையில் ஏறியதும், சபையோருக்கு முகத்தைக் காட்டியவாறே மேடையின் இப்புறத்திலிருந்து அப்புறத்துக்கு விரையவேண்டிய அவசியம் நேர்ந்தது. காலைப் பக்கவாட்டில் மேலும் மேலும் உயர்த்திக் காட்டும் ஆசையும் பிறந்தது. காலைத் திருப்பாமல் பக்கவாட்டில் உயர்த்தினால், தொடையெலும்பின் மேற்பகுதியில் வெளிப்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும் புடைப்பு இடுப்பெலும்பை நெருங்கித் தடைபடும். வெளிப்புறமாகத் திருப்பிவிட்டாலோ அப்புடைப்பு பின்னால் ஒதுங்கி வழிவிடும். ஆகவே, அலங்காரமாகத் தோன்றிய வழக்கத்துக்குச் சரீர சாஸ்திரத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. 1820-இல் மிலான் நகரில் கார்லோ பிளாசிஸ் தம் இலக்கண நூலை வெளியிட்டபோது, அதன் சித்திரங்களில் பாதங்கள் ஏறத்தாழ ஒரே கோட்டில் விரிந்துவிட்டன. ஒரு நூற்றாண்டுக்குள் கோணம் இருமடங்காயிற்று. மனிதருடைய இடுப்பெலும்போ அந்த நூற்றாண்டில் எவ்வித மாறுதலும் அடையவில்லை.

இந்த முரண்பாட்டை அக்காலத்தவரே கண்டுகொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. நாட்டியத்தைப் பற்றிய தம் கருத்துகளைக் கடித வடிவில் எழுதி 1760-இல் வெளியிட்ட ழான் ஜார்ஜ் நொவேர், இடுப்பைத் திருப்புவதற்கென்றே அந்நாளில் புழங்கிய ஒரு யந்திரத்தைப் பற்றிக் குறிப்பிட்டு, அது நோக்கிய பலனைத் தராமல், திருத்த வந்த குற்றத்தைவிட விகாரமான வேறொரு குற்றத்தை இடையில் உண்டாக்கி ஊனத்தையே விளைவிக்கிறது என்று கண்டித்தார். யந்திரம் போய்விட்டது, அதன் வேலையை இன்று சில வகுப்புகளில் மனிதக் கைகள் செய்கின்றன. பிள்ளையைத் தரையில் குப்புறப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கிப் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கால்களைச் சேர்த்துத் ‘தவளை நிலை’ என்ற பெயரில் பிருஷ்டத்தின்மேல் ஒருவர் அழுத்துகிற காட்சியை, பெற்றோர் எவரும் சிரத்தையின் அடையாளமென்று எண்ணி வாளாவிருக்கலாகாது.

தொடையெலும்பின் உருண்டையான தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்திச் சுழல்வதே இடுப்பு மூட்டு. அது வெளிப்புறமாக எவ்வளவு சுழலும் என்பது, குழி எத்திசையை நோக்கியது, எவ்வளவு ஆழமானது, தொடையெலும்பின் கழுத்து எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது, முன்புறத் தசைநார் எவ்வளவு இறுக்கமானது என்பவற்றைப் பொறுத்தது. எலும்புக் கழுத்தின் முன்முறுக்கு, பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 40 பாகையாக இருந்து, வளர வளரக் குறைந்து, வயது வந்தோரிடம் சுமார் 15 பாகையளவில் நிலைபெறுகிறது. இம்முறுக்கு இயல்பிலேயே குறைந்தவர் சிரமமின்றிப் புறத்தே திருப்புவார். மிகுந்தவர் எத்தனை ஆண்டுகள் பயின்றாலும் ஓர் எல்லையைத் தாண்டமாட்டார். பருவம் வந்து எலும்பு முதிர்ந்த பின் எந்த ஆசானுடைய கண்டிப்பும் அந்த எல்லையை ஒரு பாகையும் நகர்த்துவதில்லை. மூட்டின் முன்புறத்தைக் குறுக்கே மூடி நிற்கும், தலைகீழாகக் கவிழ்த்த ‘ஒய்’ எழுத்தின் வடிவங்கொண்ட தசைநார், தேகத்திலுள்ள தசைநார்களுக்குள் வலிமை மிக்கது. நாம் நிமிர்ந்து நிற்கையில் பின்புறமாகச் சாய்ந்துவிடாமல் காப்பதும் அதுவே, புறத்திருப்பத்துக்குக் கடிவாளமாக இருப்பதும் அதுவே. சாதாரண மனிதருடைய இடுப்பு ஒவ்வொரு புறமும் சுமார் 45 பாகை திரும்பும்; நாட்டியக்காரர் அதனினும் சற்று அதிகமாகத் திருப்புவார்; ஒரு காலுக்கு 90 பாகையையும் இடுப்பு ஒன்றிலிருந்தே பெறக்கூடியவர் மிக அபூர்வம்.

அப்படியானால் வகுப்புதோறும் 180 பாகை காட்டி நிற்கும் இத்தனை பிள்ளைகளும் மீதிப் பாகைகளை எங்கிருந்து கடன் வாங்குகிறார்கள் என்ற கேள்வி எழும். ஒரு பகுதியை முழங்காலிலிருந்து வாங்குகிறார்கள். முழங்காலை மடக்கிய நிலையில் பாதங்களை அகல விரித்து ஊன்றிக்கொண்டு, பிறகு காலை நிமிர்த்தும்போது, தரையின் உராய்வு பாதத்தை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்ள, முறுக்கு முழுவதும் முழங்காலின்மேல் விழுகிறது. முழங்காலோ மடக்கவும் நீட்டவும் அமைந்த மூட்டேயன்றி நிமிர்ந்த நிலையில் சுழல்வதற்கு அமைந்ததன்று. இன்னொரு பகுதி பாதத்திலிருந்து வருகிறது; உள்ளங்காலின் வளைவு உட்புறமாகச் சரிந்து, பாரமெல்லாம் கட்டைவிரற் பக்கம் இறங்க, நாளடைவில் கட்டைவிரலின் அடிமூட்டு புடைக்கிறது; கணுக்காலின் பின்புறமாக ஓடிக் கட்டைவிரலை அடையும் நாண் வீங்குகிறது. எஞ்சியதை முதுகு தருகிறது; இடுப்பை முன்புறமாகச் சாய்த்து இடையை வளைத்தால், மேலே சொன்ன தசைநார் தளர்ந்து, சில பாகைகள் இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றுகின்றன. இடுப்பு மெய்யாகத் தரும் திருப்பத்துக்கும் பாதங்கள் காட்டும் திருப்பத்துக்கும் இடைவெளி மிகுந்திருந்த நாட்டியக்காரர்களிடமே காயங்களும் மிகுந்திருந்தன என்று 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. கடனுக்கு வட்டி உண்டு என்பதை முழங்கால் வலியாலும் இடை வலியாலும் அறிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு, அந்தக் கடனை வாங்கும்படி தூண்டியவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் விளங்குவதில்லை.

தேக நலனைப் பற்றிய இந்தப் பேச்சைக் கேட்டவுடன், கலைக்காகச் சிறிது கஷ்டப்படலாகாதா என்று சிலர் ஆக்ஷேபிப்பார்கள். நானும் இங்கே வைத்தியம் பேச வரவில்லை. பலவந்தமான திருப்பம் நாட்டியத்தையே கெடுக்கிறது என்பதுதான் என் வாதம். அது கெடுக்கும் வழி சமநிலையைக் குலைப்பது. பாதங்கள் முன்னோக்கி நிற்கையில் தேகம் முன்னும் பின்னும் அசைவதற்குக் குதிகால் முதல் விரல்நுனி வரை ஒரு சாண் இடம் உண்டு. அவ்வசைவைக் கட்டுப்படுத்த, ஆடுசதையின் பெருந்தசைகள் காவல் நிற்கின்றன. பாதங்களைப் பூரணமாக விரித்துவிட்டாலோ, பக்கவாட்டில் ஆதாரம் நீண்டுவிடுகிறதேயன்றி, முன்பின்னாகப் பாதத்தின் அகலமாகிய நாலு விரற்கடைதான் எஞ்சுகிறது. ஆடுசதையின் காவலும் பெரும்பகுதி பயனற்றுப்போய், கணுக்காலின் இருபுறத்துச் சிறு தசைகளும் இடுப்பும் அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டியிருக்கிறது. புறத்திருப்பமும் சமநிலையும் இயற்கையிலேயே ஒன்றுக்கொன்று பகையானவை என்று சொன்னாலும் பிழையில்லை. இடுப்பின் ஆழ்ந்த தசைகள் உறுதியாகப் பிடித்து, பாதம் மூன்று புள்ளிகளில் — குதிகால், கட்டைவிரலின் அடி, சிறுவிரலின் அடி ஆகியவற்றில் — சமமாகப் பதிந்து, முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கும்போது மாத்திரமே அந்தப் பகை தணிகிறது. பாதம் உட்சரிந்து, இடுப்பு முன்சாய்ந்து, முழங்கால் ஒரு திசையும் பாதம் மற்றொரு திசையும் பார்க்கும் தேகம் எவ்வாறு நிற்கும்? நிற்காது, கைப்பிடி இருந்தாலொழிய நிற்காது.

கைப்பிடி செய்யும் உபகாரத்தின் அளவைப் பலர் உணர்வதில்லை. அதை இறுகப் பற்றித் தொங்குகிற மாணவியை எந்த ஆசிரியையும் கண்டிப்பார். விரல்நுனியால் மெல்லத் தொட்டுக்கொண்டிருப்பவளையோ, இவள் கைப்பிடியை நம்பியிருக்கவில்லை என்று மெச்சுவார். அந்த மெச்சுதலும் பிழையென்று காட்டிய ஒரு பரிசோதனை உண்டு. 1994-இல் ஜான் ஜேக்கா, ஜேம்ஸ் லாக்னர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஒரு காலின் குதியை மற்றொரு காலின் விரல்களுக்கு முன் வைத்து நிற்பவர்களை, பக்கத்திலிருந்த ஒரு கம்பியைச் சுட்டுவிரல் நுனியால் தொடும்படி செய்து, தேகம் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். நூறு கிராம் எடையைவிடக் குறைந்த அழுத்தம், அதாவது உடலைத் தாங்குவதற்குச் சிறிதும் போதாத தொடுகை, உறுதியாகப் பற்றி நிற்பதற்கு ஏறத்தாழ ஈடான அளவுக்கு ஆட்டத்தைக் குறைத்துவிட்டது. விரல்நுனி தாங்குவதில்லை, செய்தி அனுப்புகிறது. தேகம் எப்பக்கம் சாய்கிறது என்பதை உட்செவியும் கண்ணும் பாதத்தின் நரம்புகளும் கண்டறிவதற்கு முன்பே விரல் கண்டறிந்து சொல்லிவிடுவதால், பாதத்தின் நரம்புகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவசியமே நேருவதில்லை. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வீடெல்லாம் ஓடும் குழந்தையை நடக்கக் கற்றுவிட்டது என்று எந்தப் பாட்டியும் சொல்வதில்லை. பாலே ஆசிரியர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் கலையின் மகா மேதைகள் இதை அறியாதவர்களல்லர். சைகோவ்ஸ்கியின் சங்கீதத்துக்கு மாரியுஸ் பெட்டிபா அமைத்து, 1890-இல் பீட்டர்ஸ்பர்க் நகரின் மாரின்ஸ்கி அரங்கில் முதன்முதல் ஆடப்பெற்ற ‘உறங்கும் அழகி’ என்னும் நாட்டிய நாடகத்தில், இளவரசி அரோரா தன்னை மணக்க வந்த நான்கு ராஜகுமாரர்களுடன் ஆடும் பகுதி ஒன்றுண்டு. ‘ரோஜா அடாஜியோ’ என்று அதைக் குறிப்பிடுவார்கள். ஒரு காலின் விரல்நுனியில் நின்று, மற்றக் காலைப் பின்னே மடக்கி உயர்த்தி, ஒரு ராஜகுமாரனுடைய கையைப் பற்றியிருக்கும் இளவரசி, அக்கையை விட்டுத் தன் கரத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் கணநேரம் தனியே நின்று, பின்பு அடுத்தவன் கையைப் பற்றுகிறாள். இவ்வாறே நால்வரையும் கடக்கிறாள். அந்தப் பின்மடக்கு நிலையை பிளாசிஸ், ஜாம்போலோஞாவின் பறக்கும் மெர்க்குரி சிலையைப் பார்த்து விளக்கினார் என்பார்கள். வெண்கலத்துக்குச் சாத்தியமானதைச் சதையும் எலும்பும் செய்வதில்தான் ரசிகர்களின் மூச்சு நிற்கிறது. கைப்பிடியை நான்கு முறை விட்டுவிடுவதை நாடகமாகவே ஆக்கிவிட்ட இப்பகுதியை 1949-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஆடிக் காட்டித்தான் மார்கோ பான்டேன் அமெரிக்க ரசிகர்களை ஒரே இரவில் ஆட்கொண்டார். அவர் காலை வானளாவத் தூக்கியதற்காகவோ, பாதங்களை அளவுகோல்போல் விரித்ததற்காகவோ புகழ்பெற்றவரல்லர்; அங்கங்களின் இசைவுக்காகவும், அவசரமின்றி நின்ற நிலைக்காகவும் புகழ்பெற்றவர்.

ஆகையால் நடுத்தளப் பயிற்சியைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். கைப்பிடி அப்பியாசங்கள் முடிந்தவுடன் துள்ளலுக்கும் சுழற்சிக்கும் விரைந்துவிடுவது இன்றைய வழக்கம். ஆனால் நடுத்தளப் பயிற்சி என்பது ஆதியில் கைப்பிடியருகே செய்த அதே அப்பியாசங்களைத் துணையின்றி மீண்டும் செய்வதையே குறித்தது. இத்தாலியராகிய என்ரிகோ செக்கெட்டி, பீட்டர்ஸ்பர்க்கிலும், டியாகிலெவின் பாலே குழுவிலும், லண்டனிலும் கற்பித்து, 1928-இல் மறைந்தவர். அவருடைய முறையில் கிழமைக்கொரு பாடம் நிர்ணயமாயிருந்தது. அதில் பாதத்தைத் தரையில் உரசி நீட்டுவதும், காலால் தரையில் வட்டம் வரைவதும் நடுத்தளத்திலும் இடம்பெற்றன. சிரில் போமண்டும் ஸ்டானிஸ்லாஸ் இட்சிகோவ்ஸ்கியும் அம்முறையை 1922-இல் நூலாக்கினார்கள். ஒன்றரை மணி நேர வகுப்பில் பாதியைக் கைப்பிடி விழுங்கிவிட, மீதியில் சுழற்சியும் தாவலும் அடித்துப்பிடித்து முடிந்துபோகும் இந்நாளில், அந்த மந்தமான, பார்ப்பவருக்குச் சுவையற்ற நடுத்தள அப்பியாசம்தான் முதலில் பலியாகிறது. அதற்குக் கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கும் அது பிடிப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் என்னிடம் சொல்லத் தேவையில்லை.

அதை எவ்வாறு திரும்பக் கொணர்வது? முதலில் ஒவ்வொரு மாணவியும் தனக்குரிய கோணத்தைக் கண்டறியவேண்டும். அதைக் கைப்பிடியருகே கண்டறிய இயலாது. கூடத்தின் நடுவே, பாதங்கள் இரண்டும் முன்னோக்கியிருக்க நிற்கச் செய்து, குதிகாலை ஊன்றுகோலாகக் கொண்டு விரல்பகுதியைச் சற்றே உயர்த்தி, தொடையின் மேற்புறத்திலிருந்து கால்களைத் திருப்பச் சொல்லலாம். பாதம் பதிந்த பின் கட்டைவிரலடியும் சிறுவிரலடியும் சமமாகப் பதிகின்றனவா, முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா, இடுப்பு முன்சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு ஒரு காலை மெல்ல எடுத்து, மற்ற காலில் மட்டும் நின்று, எட்டு எண்ணும்வரை அந்த நிலை கலையாமல் இருக்கிறதா என்று நோக்கவேண்டும். கலைந்தால் கோணத்தைக் குறைத்து மறுபடி பார்க்கவேண்டும். இவ்வாறு கிடைக்கும் கோணம் பலருக்கு வெட்கத்தைத் தரும். நூறு பாகையோ நூற்றிருபது பாகையோதான் இருக்கும். வெட்கப்படவேண்டியது ஒன்றுமில்லை என்பதை ஆசிரியை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் சொல்லவேண்டும். அந்த நாள் தொடங்கி, கைப்பிடியருகிலும் அதே கோணத்திலேயே அந்த மாணவி பயிலவேண்டும். ஒரு பாகையும் கூட்டலாகாது. தசைகள் வலுப்பெற வலுப்பெறக் கோணம் தானே சிறிது விரியும்; அப்போது அது அவளுடையது.

திருப்பத்தைப் பிடித்துவைப்பவை பிருஷ்டத்தின் பெருந்தசைக்கு அடியில் மறைந்திருக்கும் ஆறு சிறு தசைகள். வெளியே தெரியும் பெருந்தசையை இறுக்கிக் கல்லாக்கிக்கொள்ளும் வழக்கம் மாணவியரிடையே பரவலாக இருக்கிறது. இறுக்கிய தசை மூட்டையும் பூட்டிவிடுவதால், காலை எடுக்கவும் வைக்கவும் முடியாமல் மரப்பாவைபோல் நிற்கவேண்டியதாகிறது. பக்கவாட்டில் படுத்து, குதிகால்களைச் சேர்த்து, மேற்காலின் முழங்காலைத் திறந்து மூடும் பயிற்சி இச்சிறு தசைகளை எழுப்புவதற்கு ஏற்றதென்று வைத்தியர்கள் சொல்கிறார்கள், நல்லதே. ஆனால் படுத்தநிலையில் எழுந்த தசை நின்றநிலையில் தன் கடமையை உணர்வதற்கு வேறு பயிற்சி வேண்டும். அதற்குச் சிறந்தது, நடுத்தளத்தில் ஒற்றைக் காலின் முன்பாதத்தில் எழுந்து, எழுந்ததைவிட இருமடங்கு மெதுவாக இறங்குவது. எழும்போது எவரும் திருப்பத்தை இழப்பதில்லை. இறங்கும்போதுதான் குதிகால் பின்னே நழுவி, பாதம் முன்னோக்கித் திரும்பிக் களவு வெளிப்படுகிறது. நின்ற காலின் பாதம் எங்கிருந்து எழுந்ததோ அங்கேயே, அதே கோணத்திலேயே, வந்து பதியவேண்டும் என்ற ஒரே நிபந்தனையை ஒரு பருவகாலம் முழுவதும் வற்புறுத்தும் ஆசிரியைக்கு, திருப்பத்தைப் பற்றி வேறு பிரசங்கம் செய்யும் அவசியம் இராது. தூக்கிய காலையே எல்லோரும் பார்க்கிறார்கள். நின்ற காலைப் பார்க்கக் கற்ற ஆசிரியர் சிலரே.

கைப்பிடியை விட்டு வந்தவுடன் மாணவி இழப்பது ஆதாரத்தை மட்டுமன்று, திசையையும்தான். சுவரோரத்தில் நிற்கும்வரை, சுவரே அவளுக்கு நேர்த்திசையைக் காட்டிக்கொண்டிருந்தது; நடுத்தளத்திலோ தேகத்தை மூலையை நோக்கிச் சற்றே திருப்பி, கால் ஒரு திசையும் தோள் ஒரு திசையும் தலை ஒரு திசையுமாக அமைத்து ஆடவேண்டியிருக்கிறது. இதன்பொருட்டே ருஷிய ஆசிரியை அக்ரிப்பினா வாகனோவாவின் முறையில் கூடத்தின் நான்கு சுவர்களுக்கும் நான்கு மூலைகளுக்கும் முன்சுவர் தொடங்கி ஒன்று முதல் எட்டு வரை இலக்கமிட்டிருக்கிறார்கள். செக்கெட்டி முறையிலோ மூலைகளுக்கு முதல் நான்கு இலக்கங்களும் சுவர்களுக்கு மற்ற நான்கும் உரியவை. எந்த இலக்கமானாலும் சரி, இடுப்பு எந்தத் திசையை நோக்குகிறது என்று மாணவிக்குத் தெரியாவிட்டால், தொடை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியாது. இங்கே கண்ணாடியும் ஒரு சத்துரு. முன்சுவர் முழுவதையும் அடைத்து நிற்கும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சரிசெய்துகொண்டே ஆடிப் பழகியவள், மேடையேறியதும் எதிரே இருண்ட சபையைக் கண்டு திகைக்கிறாள். பாரிஸின் கார்னியே அரங்கைப் போன்ற பழைய அரங்குகளிலோ, மேடையே நூற்றுக்கு ஐந்து வீதம் சபையை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஆகவே வாரத்தில் ஒருநாளாவது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி வகுப்பு நடக்கட்டும். எளிய நிலைகளில் கண்ணை மூடியும் நிற்கட்டும். விழுந்தால் தரைதானே!

சமநிலை என்றதும் அசையாமை என்று கொள்வோரும் உண்டு. மூச்சை அடக்கி, கழுத்தை விறைத்து, ஆடாமல் நிற்க முயலும் மாணவியே முதலில் விழுகிறாள். நன்றாக நிற்பவளின் கணுக்காலை உற்றுநோக்கினால், நாண்கள் ஓயாது துடித்துக்கொண்டிருப்பது தெரியும்; இடைவிடாத சிறு சிறு திருத்தங்களின் தொகுதியையே தொலைவிலிருந்து பார்க்கும் நாம் நிச்சலனம் என்று மயங்குகிறோம். பலவந்தமாகத் திருப்பிய பாதத்துக்கு இந்தத் திருத்தங்களைச் செய்ய இடமே இல்லை. அது ஏற்கெனவே தன் எல்லையின் விளிம்பில் நிற்கிறது.

பூரணத் திருப்பத்தை வற்புறுத்துவோர் உடனே ருஷியாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1738-இல் பீட்டர்ஸ்பர்க்கில் தோன்றி, இன்று அக்ரிப்பினா வாகனோவாவின் பெயர் தாங்கி நிற்கும் கலாசாலையில் பூரணத் திருப்பம் சர்வ சாதாரணமாகக் காணப்படுவது உண்மையே. ஆனால் அங்கே பத்து வயதளவில் சேர வரும் குழந்தைகளை மேசையில் படுக்கவைத்து, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது, முதுகு எவ்வளவு வளைகிறது, பாதம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று சோதித்து, இயற்கை கொடையளித்த சிலரை மாத்திரமே தெரிந்தெடுத்து, எட்டாண்டுக் காலம் நாள்தோறும் பயிற்றுகிறார்கள். வாகனோவா 1934-இல் எழுதிய நூல் அத்தகைய தேகங்களை முன்னிறுத்தியே எழுந்தது. எவ்விதச் சோதனையுமின்றிச் சேர்ந்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பயிலும் பேட்டை வகுப்புச் சிறுமியிடம் அதே கோணத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. தெரிவு செய்யும் உரிமையைத் தாம் பெறாமல், தெரிவு செய்தவர்களுடைய அளவுகோலை மட்டும் இரவல் வாங்கிக்கொள்வது என்ன நீதி?

சௌந்தரியம் குறைந்துபோகுமே என்ற கவலைக்கும் விடை சொல்லவேண்டும். அன்னா பாவ்லோவாவின் திருப்பம் குறையுள்ளது, முழங்கால் மடங்குகிறது என்று இலக்கணக்காரர்கள் குற்றம் கண்டதுண்டு. உலகம் அவரைக் கண்டுதான் பாலேயை நேசிக்கக் கற்றது. நம் தேசத்துக்கும் அவர் ஒருவகையில் கடன்பட்டவரல்லர், கடன் கொடுத்தவரே. 1920-களின் இறுதியில் அவரைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்ற ருக்மிணி தேவியை, சொந்த நாட்டு நாட்டியத்தை நாடும்படி ஊக்கியவர் பாவ்லோவா. அந்த நாட்டியத்தின் அரைமண்டியும் புறத்திருப்பந்தான். ஆனால் தட்டடவு கற்கும் முதல்நாளிலேயே பிள்ளை பிடிமானமின்றி நடுத்தளத்தில்தான் நிற்கிறாள். கைப்பிடி என்ற ஒன்று அந்த மரபில் இருந்ததே இல்லை. அதனால் அரைமண்டியில் ஏமாற்று இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முழங்காலை முன்னே விட்டுப் பாதத்தை மட்டும் விரிக்கும் குற்றம் அங்கும் தாராளமாக உண்டு. ஆயினும் அங்கே அது முதல்நாளே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பாலேயில் அதை மறைப்பதற்கென்றே சுவரோரமாக ஒரு மரம் ஓடுகிறது.

கைப்பிடியைப் பிடுங்கி எறியவேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். தசைகளை மெல்லச் சூடேற்றவும், புதிய அசைவை முதன்முதல் பழகவும் அதனினும் ஏற்ற உபகரணம் இல்லை. அதன் நேரத்தில் கால் பங்கைக் குறைத்து நடுத்தளத்துக்குத் தரலாம். ஒவ்வொரு கைப்பிடி அப்பியாசத்தின் கடைசி எட்டு எண்ணிக்கையையும் கையை எடுத்துவிட்டுச் செய்யச் சொல்லலாம். இவற்றுக்குப் பணச் செலவு ஏதுமில்லை. பெரிய மாறுதல் வரவேண்டியது பரீட்சைக் கூடத்தில்தான். பரீட்சகர் முதலில் கைப்பிடியருகே விரிந்த பாதங்களைப் பார்த்து மனத்துக்குள் ஓர் இலக்கம் இட்டுவிடுகிறார். பின்னர் நடுத்தளத்தில் நேரும் தடுமாற்றத்துக்குச் சிறிது கழிக்கிறார். வரிசையை மாற்றி, பிள்ளைகள் சூடேறிய பின் நடுத்தளத்தை முதலில் பார்த்து, நின்ற காலின் பாதம் எழுந்த இடத்திலேயே இறங்குகிறதா என்பதற்கே முதல் மதிப்பெண்ணைத் தந்து, கைப்பிடியருகே அதைவிட விரிந்த கோணம் எந்தப் பிள்ளையிடமாவது தென்பட்டால் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதென்று ஒரு விதி வகுத்தால், அடுத்த ஆண்டே வகுப்பறைகளில் ஆசிரியர்களின் பார்வை தூக்கிய காலைவிட்டு நின்ற காலுக்கு இறங்கிவிடும்.